செந்நாய்ப் பங்கு

கீழேதானே போகிறீர்கள், சார்? பிரேக் நாற்றம் வந்ததும் நிறுத்திவிட்டீர்கள், நல்ல காரியம். சக்கரத்தில் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தானாகத்தான் ஆற வேண்டும். அதுவரைக்கும் இந்தப் பெஞ்சில் உட்காரலாம், டீக்கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆறியதும் என்னையும் டவுன் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனால் பெரிய உதவியாக இருக்கும். இன்றைக்குக் கோர்ட்டில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் சாட்சி.

உங்களுக்கு முன்னால் ஒரு பஸ் இறங்கிப் போனது. அதில்தான் வந்தேன். என் குடையும் மஞ்சள் பையும் அதில்தான் போகின்றன. என் தங்கையும் அதில்தான் போகிறாள்.

ஊரில் பஸ் ஏறும்போதே என்னைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். போன ஐப்பசியிலிருந்து அப்படித்தான். பேச்சு கிடையாது. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனேன், வாசல்படியில் வைத்துவிட்டுப் போகச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினாள். சரி, கோபம். பெண்களுக்குச் சட்டம் புரிவதற்குக் கொஞ்சம் நாளாகும். அப்படிப்பட்டவள், பஸ் இங்கே டீக்கு நின்றதும் எழுந்து என் சீட்டுக்கே வந்தாள் சார். "அண்ணா, எனக்கு ஒரு பன் வாங்கிட்டு வர்றியா? காலைல ஒண்ணும் சாப்பிடல" என்றாள். பதினொரு மாசம் கழித்து. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. குடையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினேன். கடைக்காரர் பழைய பன்னைக் கொடுத்தார், வேண்டாம், புதுசு எடுங்கள் என்றேன். உள்ளே போய் எடுத்துவந்தார். வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், பஸ் இல்லை.

கண்டக்டர் தப்பாக விசில் ஊதியிருக்க வேண்டும். என் தங்கை மயிலாத்தாள் கத்தியிருப்பாள். இந்தக் காலத்துக் கண்டக்டர்களுக்குக் காதில் எப்போதும் ஏதோ ஒன்று மாட்டியிருக்கிறதே, கேட்டிருக்காது.

இருங்கள், வண்டிச் சத்தம் கேட்கிறது. இல்லை, லாரி. மேலே ஏறுகிற லாரி.

என் பெயர் பொங்கியண்ணன். ஊரில் அப்படிச் சொன்னால் தெரியாது, செக்‌ஷன் என்று கேட்க வேண்டும். "செக்‌ஷன் வர்றாரு, பேச்ச மாத்து" என்பார்கள். பட்டப்பெயர்தான், ஆனால் அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. எங்கள் ஊஞ்சப்பள்ளம் மலைமேல் காட்டை ஒட்டியிருக்கிற ஊர். யானை வராமலிருக்க அகழி வெட்டினார்கள், யானைகளே அதைச் சரித்து வழியாக்கிக்கொண்டன. இரண்டு தடவை நான் கிராம வனக்குழுத் தலைவராக இருந்தேன். முதல் தடவையே பயிற்சி என்று கூப்பிட்டு ஒரு தொப்பியும் ஒரு கையேடும் கொடுத்தார்கள். தொப்பி தொலைந்துவிட்டது. கையேடு இருக்கிறது. அதுவும் அந்த மஞ்சள் பையில்தான் போகிறது.

மற்றவர்கள் கையேட்டை அலமாரியில் போட்டார்கள். நான் படித்தேன். சிறுத்தை, புலி, செந்நாய், இவை அடித்துத் தின்பவை. புள்ளிமான், கடமான், இவை அடிபட்டுச் சாகிறவை. சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தின்கிறதையும் தொடக்கூடாது, தின்னப்படுகிறதையும் தொடக்கூடாது. காட்டுப்பன்றிக்கு மட்டும் தனி உத்தரவு, காட்டிலிருந்து இவ்வளவு தூரம் என்று கணக்கு உண்டு, அதையும் சுடுவது வனத்துறைதான், நாம் இல்லை. இதை மாரியம்மன் கோயில் திடலில் உட்காரவைத்து எடுத்துச் சொன்னேன். "அப்ப நாங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். "நீங்க சட்டத்து அட்டவணையிலேயே இல்ல" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் வேலாத்தாளின் ஆட்டைச் சிறுத்தை அடித்தபோது எங்கே வந்தார்கள்? என்னிடம்தான் வந்தார்கள்.

"தோலாவது உரிக்கலாமுங்களா?" என்று கேட்டாள் வேலாத்தாள். "தொடாதே" என்றேன். அடிபட்ட ஆடு அடிபட்ட இடத்தில் கிடக்க வேண்டும், அதிகாரி வந்து பார்க்க வேண்டும், டாக்டர் பல் குறியைப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. அதிகாரிகள் வர நாளாயிற்று. நாயும் காக்காயும் வராமல் நானே குடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு போகிறவர்களெல்லாம், "ஏனுங் செக்‌ஷன், செத்த ஆடு எந்திரிச்சு ஓடீருமுன்னு காவலுங்களா?" என்று கேட்டார்கள். கடைசியில் நஷ்டஈடு வந்ததா இல்லையா? வந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நம் நிலத்தில் ஒரு மிருகம் செத்துக் கிடந்தால் முதல் வேலை தகவல் கொடுப்பது. அதை ஊருக்கே கற்றுக்கொடுத்தவன் நான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டீ வந்துவிட்டதே. எனக்கும் சொன்னீர்களா? எதற்கு சார். சரி.

என் தங்கை வீட்டுக்காரர் பெயர் ராக்கியப்பன். நல்ல உழைப்பாளி, வாயைத் திறக்க மாட்டார். எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற ஆள். அவர் காடு, விளைநிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம், அகழிக்குப் பக்கத்திலேயே. மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் பால்பிடிக்கிற நேரத்தில் மான் கூட்டமாக இறங்கிவிடும். முதல் வருஷமும் போயிற்று, அடுத்த வருஷமும் பாதி போயிற்று. மனு எழுதிக் கொடுத்தேன். மான்தான் தின்றது என்பதற்கு என்ன ஆதாரம், ஊர் மாடு தின்றிருக்கலாமே என்று பதில் வந்தது. அது எனக்கு முள்ளாகவே குத்திக்கொண்டிருந்தது. ஆதாரம் கேட்கிறார்கள், மான் என்ன கையெழுத்துப் போட்டுவிட்டா தின்னும்?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். களியும் கறிக்குழம்பும் போட்டாள். குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். எலும்பைக் கடித்துக்கொண்டே, "எப்ப ஆடு வெட்டுன மாப்ள?" என்று கேட்டேன். மாப்பிள்ளை சிரித்தார். "நா எங்க மச்சா வெட்டுனேன்? நாய் வெட்டுச்சு" என்றார்.

உங்களுக்குப் புரியாது. எங்கள் பக்கத்தில் செந்நாய்ப் பங்கு என்று ஒன்று உண்டு. செந்நாய்கள் கூட்டமாக மானைத் துரத்திக்கொண்டு வந்து காட்டுக்குள்ளேயோ, சில சமயம் நம் நிலத்திலேயோ சாய்க்கும். அப்போது கிட்டே போய்க் கையைத் தட்டினால் அவை கொஞ்சம் விலகிப் போய் உட்கார்ந்துகொள்ளும். சீழ்க்கை அடிப்பது மாதிரி ஒரு சத்தம் போடும், கடிக்க வராது. ஒரே ஒரு பின்தொடையை அறுத்துக்கொள்ளலாம். ஈரலைத் தொடக்கூடாது, தலையைத் தொடக்கூடாது, அவை அதுகளுக்கு. எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வர வேண்டும். அதற்குப் பதிலாக யாரும் செந்நாய்மேல் கல்லெறிய மாட்டார்கள். என் அப்பா எடுத்திருக்கிறார். நான் எடுத்ததில்லை. எனக்கு அந்தச் சீழ்க்கைச் சத்தம் ஆகாது.

மான் கறி என்று தெரிந்ததும் என்ன செய்தேன் என்றா? சாப்பிட்டு முடித்தேன். பாதியில் எழுந்தால் சோற்றுக்கு மரியாதை இல்லை. சட்டியில் கடைசியாக இருந்ததையும் வழித்து ஊற்றினாள். கையைக் கழுவும்போதுதான் அந்த யோசனை வந்தது.

"மாப்ள, மிச்சம் எங்க கெடக்குது?"

"அகழியோரம். சோளத்துக்குள்ள."

"சோளத்துக்குள்ளயேவா?"

"ஆமா மச்சா. தின்னுட்டு நின்னத அப்படியே சாச்சிருக்குது."

பாருங்கள் சார், ஆதாரம் கேட்டார்களே, ஆதாரம் அதுவாகவே வந்து விழுந்திருக்கிறது. வயிற்றைக் கிழித்தால் உள்ளே சோளம் இருக்கும். இரைப்பையைச் செந்நாய் தின்பதில்லை. மான் நம் நிலத்தில் நம் சோளத்தைத் தின்றது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? செல்போனை எடுத்தேன். மயிலாத்தாள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "அண்ணா, வேண்டாம். அது கெடக்குது, சாயங்காலம் வரைக்கும் விட்டா நாயே தின்னு முடிச்சுரும். உன்ற கால்ல விழறேன், போனக் கீழ வை" என்றாள். "போன வருஷச் சோளம் உனக்கு வேணுமா வேண்டாமா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னை நம்பினார். வேலாத்தாளின் ஆட்டைப் பார்த்தவர்தானே.

சக்கரம் ஆறியிருக்குமா சார்? தொட்டுப் பார்த்துவிட்டு வரட்டுமா? இன்னும் கொஞ்ச நேரமா? சரி, நீங்கள் ஓட்டுகிறவர், உங்களுக்குத் தெரியும்.

ரேஞ்சர் வந்தார். வயது குறைவு, நல்ல மனுஷர். கால்நடை டாக்டர் வந்தார். பாரஸ்டர் வந்தார், அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். டாக்டர் வயிற்றைத் திறந்தார். சோளம் இருந்தது சார். பச்சைச் சோளம், கை நிறைய. கூடியிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு வனக்குழுத் தலைவராக மூன்றாம் தடவையும் வந்துவிட்டது மாதிரி இருந்தது. பிறகு டாக்டர் பின்பக்கம் போனார். "இந்தத் தொடை எங்க?" என்றார்.

மாப்பிள்ளை அகழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாரஸ்டர்தான், "நாய் இழுத்துட்டுப் போயிருக்குங்க சார், அதுகளுக்கு அது வழக்கந்தான்" என்றார். ரேஞ்சரும் தலையை ஆட்டி எழுதப் போனார்.

அது பொய் சார். நாய் இழுத்தால் சதை நார் நாராகப் பிய்ந்திருக்கும், மூட்டு கடிபட்டிருக்கும். இது கத்தி. வெண்ணெயை வெட்டின மாதிரி இருந்தது. ஒரு அரசாங்க ஊழியர் தன் மேலதிகாரியிடமே பொய் சொல்கிறார், அதை அவர் எழுதப் போகிறார், நான் பார்த்துக்கொண்டு நிற்பதா? நாளைக்கு அது கண்டுபிடிக்கப்பட்டால் நம் நஷ்டஈடு மனு என்ன ஆகும்? முழு மனுவுமே பொய் என்று தள்ளிவிட மாட்டார்களா?

"இல்லீங்க சார், அது நாயில்லீங்க. நம்ம மாப்பிள்ளதான் எடுத்தாரு" என்றேன்.

ரேஞ்சர் பேனாவை நிறுத்தினார். "ஐயா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பாரஸ்டர் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவருக்குத் தன் பொய் வெளியே வந்துவிட்டதே என்று பதற்றம். நான் விடவில்லை. அரைகுறையாகச் சொன்னால்தான் ஆபத்து, முழுக்கச் சொல்லிவிட்டால் சட்டமே நம்மைக் காப்பாற்றும். செந்நாய்ப் பங்கு பற்றிச் சொன்னேன். கையைத் தட்டுவது, பின்னால் நடப்பது, ஈரலைத் தொடாதது, எல்லாம். "கொன்னது நாய். எடுத்தது மட்டுந்தான் இவரு. வேட்டைன்னா கொல்றதுதானுங்களே? இவரு கொல்லவே இல்லீங்களே" என்றேன்.

ரேஞ்சர் மறுபடியும் பேனாவை எடுத்தார். சுற்றிலும் ஊர் நிற்கிறது. டாக்டர் நிற்கிறார். "செத்த மிருகம் அரசாங்கத்துச் சொத்து. அதோட உடம்புல ஒரு பாகத்த எடுத்தாலும் வேட்டைதான்யா. சட்டத்துல ஆரம்பத்துலயே போட்டிருக்கு" என்றார். என் கையேட்டில் ஆரம்பத்தில் வாழ்த்துச் செய்திதான் சார் இருக்கிறது. அதற்குப் பிறகு படங்கள்.

அப்புறம் என்ன. வீட்டைச் சோதனை போட்டார்கள். கறி இல்லை, சட்டி கழுவியாயிற்று. கத்தி எல்லா வீட்டிலும் இருக்கிற கத்தி. மாப்பிள்ளை கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் நான் அவ்வளவு பேச வேண்டியிருந்திருக்காது. என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார்கள். படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'செந்நாய்' என்பதை 'தெருநாய்' என்று எழுதியிருந்தார்கள், நான்தான் திருத்தச் சொன்னேன். மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றினார்கள். மயிலாத்தாள் அழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. ஜீப் போனதும் வாசல் திண்டில் கவிழ்த்திருந்த குழம்புச் சட்டியை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கனவே தேய்த்த சட்டி.

ஜெயில், பிறகு ஜாமீன், பிறகு தினம் காலையில் ரேஞ்ச் ஆபீஸில் கையெழுத்து. அவர் உள்ளே இருந்தபோது மிச்சமிருந்த சோளத்தைப் பன்றி முடித்துவிட்டது. மனு என்ன ஆயிற்று என்று கேட்டால், கேஸ் முடியட்டும் என்கிறார்கள். நிரூபணமானால் மூன்று வருஷம் வரைக்கும் போடலாம். மூன்று வருஷம் சார். காட்டை யார் பார்ப்பது? மயிலாத்தாள் ஒருத்தி, அகழியோரம் ராத்திரிக் காவல் இருப்பாளா?

அதனால்தான் நான் போக வேண்டும் என்கிறேன். இன்றைக்கு விட்டால் போயிற்று. ஒரு வாய்தாவுக்கு வக்கீல்கள் புறக்கணிப்பு. போன வாய்தாவுக்கு எனக்குக் காய்ச்சல். மாஜிஸ்ட்ரேட், இந்தத் தடவையும் சாட்சி வராவிட்டால் சாட்சியத்தை முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம். முடித்துவிட்டால் அந்த வழக்கத்தை யார் எடுத்துச் சொல்வது? மாப்பிள்ளைதான் வாயைத் திறக்க மாட்டாரே. ரேஞ்சர் அவசரத்தில் கேட்டார், மாஜிஸ்ட்ரேட் பொறுமையாகக் கேட்பார். முதுகைக் காட்டாமல் நடப்பதை நடந்தே காட்டலாம் என்றிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு வைத்திருக்கிற வக்கீல் ஒரு அம்மா. கெட்டிக்காரி என்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. போன வாரம் ஆபீஸுக்குப் போயிருந்தேன்.

"ஐயா, உங்களுக்குப் போன தடவை காய்ச்சல் வந்துதே, அது முழுசா விட்டிருக்காதே" என்றார்.

"விட்டுருச்சுங்க" என்றேன்.

"இந்த மாதிரிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருமுங்க. மூட்டு வலிக்குமே?"

"இல்லீங்க. தெம்பா இருக்கறேன்."

"மலைப்பாதை. வளைஞ்சு வளைஞ்சு வரணும். இந்த வயசுல எதுக்குச் சிரமம்?"

"சிரமம் என்னுங்க, மாப்பிள்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டனா?"

அந்தம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கேஸை விட்டுவிட்டு என் உடம்பைப் பற்றியே பேசுகிற வக்கீலை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது, சொல்லுங்கள். மாப்பிள்ளையும் அப்படித்தான். நேற்றைக்கு முந்தின நாள் வந்து, "மச்சா, புதன்கெழம நீங்க எங்கியும் போவாதீங்க. என்ற பருத்திக்காட்டுல கொஞ்சம் இருந்து பாத்துக்கங்க" என்றார். பருத்தியை எந்த மிருகம் தின்னும் சார்? "காடு எங்கயும் ஓடாது மாப்ள, நா வர்றேன், தைரியமா இரு" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, சொல்லவில்லை. அப்படிப் பிறவி.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்தக் கேஸால் ஊர் திருந்திவிட்டது. இப்போது நான் தெருவில் நடந்தால் எந்த வீட்டிலிருந்தும் கறி வாசனை வருவதில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்தால் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒழுங்காக இருக்கிறார்கள். சட்டத்துக்கு அவ்வளவு பயம்.

சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன் சார், நீங்கள் பணம் கொடுக்கப் போனபோது. நன்றாக ஆறிவிட்டது. ஏன், இன்னொரு டீயா? எனக்கு வேண்டாம். நேரமாகிறது. சம்மன் வந்திருக்கிறது, போகாவிட்டால் வாரண்ட்கூடப் போடலாம். நீங்கள் ஏன் என்னையே பார்க்கிறீர்கள்?

என்ன கேட்டீர்கள்? நான் சாப்பிட்டதை ரேஞ்சரிடம் சொன்னேனா என்றா?

அவர் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், கேட்காததைச் சொல்வது சாட்சிக்கு அழகில்லை. யார் எடுத்தது என்பதுதான் கேள்வி, யார் தின்றது என்பது இல்லை.

கோர்ட்டில் கேட்பார்களா? யார் கேட்பார்கள்? வக்கீலம்மாவா? அவர் எங்கள் ஆள் சார். ஆமாம், நான் சர்க்கார் தரப்புச் சாட்சி, அதனால் குறுக்கு விசாரணை செய்வது அவர்தான். ஆமாம். தொடையை இவர்தான் எடுத்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அவரே சொன்னார் என்பேன். எப்போது சொன்னார்? சாப்பிடும்போது. யார் சாப்பிடும்போது?

கேட்டால் சொல்ல வேண்டியதுதான். சத்தியம் பண்ணிவிட்டுத்தானே ஏறுகிறோம். நான்தான் என்று சொல்வேன். என்ன கறி, எத்தனை தடவை என்று கேட்டாலும் சொல்வேன். எனக்கென்ன பயம்.

யார் சமைத்தது என்று கேட்பார்கள்.

யார் ஊற்றியது என்று கேட்பார்கள்.

மயிலாத்தாள் பெயரை எழுதிக்கொள்வார்கள், இல்லையா?

அந்தச் சட்டியை எத்தனை தடவை தேய்த்தாள்.

இருங்கள். பஸ். இது பஸ்தான், ஹாரன் கேட்கிறது. டவுனுக்குப் போகிற பஸ். கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள், முன்னால் போய் நின்றால்தான் நிறுத்துவான்.

நிறுத்தினான். பார்த்தீர்களா, கண்டக்டர், "ஏறுங்க பெரியவரே, உள்ள எடமிருக்குது" என்றான். என்ன இடம்? படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கிறார்கள். இத்தனை பேர் உட்காரலாம், இத்தனை பேர் நிற்கலாம் என்று டிரைவர் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும். எழுதிவிட்டு அதற்கு மேல் ஏற்றுவது முறையா? "கணக்குக்கு மேல ஆள் இருக்குது, நான் ஏற மாட்டேன்" என்றேன். "பெருசு, எல்லாருந்தான் போறாங்க" என்றான். எல்லோரும் போகலாம். நான் அப்படிப் போகிற ஆளில்லை. விசில் ஊதிவிட்டுப் போய்விட்டான்.

இனி அடுத்த பஸ் மத்தியானம்தான். அதற்குள் கூப்பிட்டிருப்பார்கள்.

என்ன சார், இப்போது சாவியை எடுக்கிறீர்கள்? இவ்வளவு நேரம் ஆறவில்லை என்றீர்கள். என்னை ஏறச் சொல்கிறீர்களா? உங்கள் மனசு எனக்குத் தெரிகிறது. ஆனால் பாருங்கள், உங்கள் வண்டி வெள்ளை போர்டு. நான் சும்மா ஏறுகிற ஆளில்லை, பெட்ரோலுக்கென்று ஏதாவது கொடுப்பேன். காசு வாங்கிக்கொண்டு ஆளேற்ற வெள்ளை போர்டுக்கு அனுமதி கிடையாது. வழியில் நிறுத்திக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எதற்குக் கஷ்டம்? நீங்கள் போங்கள். கீழே இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே போங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

நான் இங்கேயே இருக்கிறேன். சாயங்காலம் அதே பஸ்தான் திரும்பி மேலே ஏறும். ஏறும்போதும் இங்கேதான் டீக்கு நிறுத்துவார்கள். என் குடையும் பையும் அதில் வந்துவிடும்.

அண்ணாச்சி, பழைய பேப்பர் ஒன்று கொடுங்கள், இந்தப் பன்னைச் சுற்றிவைக்கிறேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். திரும்பி வரும்போது பசியோடு இருப்பாள்.